நில் என்று ஒரு பெயர்

ஸ்டானாவின் வேனில் முதல் தடவை ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் பின் இருக்கையிலிருந்து "ஸ்டானி" என்று குரல் கொடுப்பார்கள். எங்கள் பேச்சில் அதற்கு நில் என்று பொருள். ஸ்டானா வண்டியை நிறுத்த மாட்டாள். தன்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதுபோல் கண்ணாடியில் அவர்களைப் பார்த்து, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்பாள். அவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். மறுபடி "ஸ்டானி" என்பார்கள். "அதான் கேக்கறேன், சொல்லுங்க" என்பாள். அதற்குள் வண்டி அவர்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். பிறகு வண்டியைப் பின்னோக்கி ஓட்டிவந்து வாசலில் இறக்கிவிடுவாள். பழைய பயணிகளான எங்களுக்கு இந்த வேடிக்கை மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

என் பெயர் க்ருனா. யாவோர் ஊரில் வேன் திரும்புகிற இடத்தில் காபிக் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் நாலு மேசை, ஒரு அடுப்பு, யார் வீட்டு விஷயமானாலும் தீர்ப்புச் சொல்லக் காத்திருக்கும் ஏழெட்டு ஆண்கள். அவர்களுக்குக் காபி ஊற்றி ஊற்றியே எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஸ்டானா எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. அவளைப் பற்றிச் சொல்லும்போது நான் நடுநிலையாக இருக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் நல்ல உயரம். வேனுக்குள் குனிந்துதான் ஏறுவாள். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி மாட்டும்போது யாராவது ஆண்பிள்ளை உதவ வந்தால், "நீங்க உள்ள உக்காருங்க, சளி பிடிச்சுக்கும்" என்பாள். நிக்ஷிச் நகரத்துக்கு ஓடிய பெரிய பஸ்ஸை ஒரு காலத்தில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் மலைக்கு இனி எதற்கு பஸ் என்று நினைத்திருப்பார்கள். அப்போது தன் பங்கு மாடுகளை விற்று ஒரு பழைய வெள்ளை வேனை வாங்கி வந்து நிறுத்தியவள் இவள்தான். அன்று சிரித்தவர்களின் பிள்ளைகள் அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போனார்கள்.

பெயர் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசிப் பெண்ணுக்கு 'போதும்' என்றோ 'நில்' என்றோ பெயர் வைப்பார்கள். பெண் வரவு அதோடு நின்று, அடுத்து ஆண் பிறக்க வேண்டும் என்பது கணக்கு. ஸ்டானாவின் அப்பா ராதோவானுக்கு நாலு பெண்கள். ஐந்தாவதும் பெண் என்று தெரிந்ததும் அவர் குழந்தையைப் பார்க்கக்கூடப் போகவில்லை. வேலி கட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே "ஸ்டானா" என்று சொல்லி அனுப்பினாராம். அவர் கட்சிக்காரர். கடவுள் இல்லை என்று கூட்டத்தில் பேசுகிறவர். இல்லாத கடவுளுக்கு மகள் பெயர் வழியாக மட்டும் ஒரு கட்டளை அனுப்பினார்.

கட்டளை பலித்தது. கொஞ்சம் அதிகமாகவே பலித்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் பெண்ணும் பிறக்கவில்லை, ஆணும் பிறக்கவில்லை. "பொண்ணை நிறுத்துன்னு சொன்னேன், கடையையே சாத்திட்டான்" என்று ராதோவான் கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார். ஊர் அதை அந்தப் பிள்ளையின் தலையில் எழுதியது. 'கதவைச் சாத்தினவள்' என்று சின்ன வயதிலேயே பட்டப்பெயர். அக்காமார்கள் நாலு பேரும் கல்யாணமாகிப் போனார்கள். இவளைப் பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம், பெயரைக் கேட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது. தங்கள் வீட்டிலும் எதையாவது நிறுத்திவிடுவாளோ என்ற பயம்தான். ஸ்டானா அந்த மிச்சக் காபியைக் குடித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அம்மாவையும் பிறகு அப்பாவையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ராதோவான் போன பிறகு அந்த வீட்டு அடுப்பு இனி அணைந்த மாதிரிதான் என்று ஊர் பேசியது. ஆண்பிள்ளை இல்லாத வீட்டை அப்படித்தான் சொல்வார்கள். அடுப்போ எரிந்துகொண்டுதான் இருந்தது. தினமும் காலையில் அதன் புகையைப் பார்த்துத்தான் நான் கடையைத் திறப்பேன்.

ராதோவான் விட்டுப்போன சொத்தில் முக்கியமான ஒன்று நிலமும் இல்லை, வீடும் இல்லை. அது எங்கள் ஊர் விதாக் வீட்டுக்கு ஞானத்தகப்பனாக இருக்கும் உரிமை. எங்களிடம் இந்த உறவு ஆளோடு போவதில்லை, வீட்டோடு வருவது. பாட்டன் காலத்திலிருந்து விதாக் வீட்டுக் குழந்தைகளுக்குக் கோவிலில் பெயர் சொல்கிறவர்கள் ராதோவான் வீட்டார்தான். பெற்றவர்கள் பெயர் வைப்பதில்லை. பாதிரியார் கேட்கும்போது ஞானத்தகப்பன் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் பெயர். பிடிக்கவில்லை என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அண்ணன் தம்பியோடு சண்டை போடலாம், ஞானப் பெற்றோரோடு கூடாது. ராதோவான் வீட்டில் இப்போது மிச்சமிருப்பது ஸ்டானா மட்டும். ஆகவே உரிமை அவளிடம் வந்தது. ஞானத்தாயை நாங்கள் கூமா என்று கூப்பிடுவோம்.

என் கடை ஆண்களுக்கு இது பொறுக்கவில்லை. பொம்பளை போய் அந்தப் பரம்பரை இடத்தில் நிற்பதா என்று ஒருவர் கேட்டார். குழந்தையை ஸ்டியரிங் மாதிரி சுற்றிவிடுவாள் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சர்க்கரை போடாமல் காபி கொடுத்தேன்.

விதாக் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நல்ல உழைப்பாளி, ஆனால் அம்மா பேச்சைத் தாண்டாதவன். அவன் மனைவி சென்கா ஒல்லியான, அதிகம் பேசாத பெண். அவர்களுக்கு ஏற்கனவே இரண்டு பெண்கள். கட்சி கலைந்த பிறகு ராதோவான் முறைக்காகக் கோவில் படி ஏறிப் பெயர் சொன்ன குழந்தைகள் அவை. அவர் இறந்த வருஷமே மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. அடுத்த வாரம் விதாக்கின் அம்மா கோஸ்பாவா முறைப்படி காபிப்பொடியும் சர்க்கரையும் ஒரு பாட்டில் பிளம் சாராயமும் எடுத்துக்கொண்டு ஸ்டானாவைத் தேடி என் கடைக்கு வந்தாள். கணவன் இறந்ததிலிருந்து தலை முதல் கால்வரை கறுப்புத்தான் உடுத்துகிறவள். உட்கார்ந்து எல்லோர் நலமும் விசாரித்தாள். பெயரைப் பற்றி ஞானத்தாயிடம் நேராகக் கேட்கக் கூடாது. ஆனால் காதில் போட்டுவைக்கலாம்.

"எங்களுக்கெல்லாம் ஒரே ஆசைதான் கூமா. கொழந்தைக்கு உன் பேரையே வெச்சுடு. உனக்கும் மரியாதையா இருக்கும்."

மரியாதையாம். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்தது. மூன்று பெண் போதும், நிறுத்து என்று கடவுளுக்கு இன்னொரு தந்தி. அதற்கு ஸ்டானாவின் வாயையே கடன் கேட்கிறாள். ஸ்டானா பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தாள். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து நான் கடைச் சாமான் வாங்க நகரத்துக்குப் போனேன். வேனில் முன்னால் என் பக்கத்தில் சென்கா, மடியில் குழந்தை. தடுப்பூசி போடக் கொண்டுபோகிறாள். வழி முழுக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தவள், கணவாய் தாண்டியதும் ஒரு கேள்வி கேட்டாள்.

"கூமா, பள்ளிக்கூடத்துல உங்களை எப்படிக் கூப்பிட்டாங்க?"

ஸ்டானா கியரை மாற்றிக்கொண்டே, "பேர் சொல்லித்தான்" என்றாள். "டீச்சர் என்னைக் கூப்பிட்டா வராந்தாவுல ஓடற பசங்க எல்லாம் அப்படியே நின்னுடுவாங்க. எனக்குச் சிரிப்பா இருக்கும்."

கொஞ்ச தூரம் போன பிறகு அவளே தொடர்ந்தாள்.

"பேருக்கு அர்த்தம் தெரியற வரைக்கும் சிரிப்பா இருந்துச்சு."

சென்கா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். அழவில்லை. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் இறங்கும்போது ஸ்டானாவின் கையைத் தொட்டுவிட்டு இறங்கினாள். அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் குழந்தை வாழ்நாள் முழுவதும் 'வராதே' என்ற சொல்லைச் சுமக்கக் கூடாது.

இதற்குள் இன்னொரு முட்டுக்கட்டை. ஞானத்தாயாக நிற்பவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும் என்றார் பாதிரியார் சாவோ. ஸ்டானா பெறவில்லை. ராதோவானுக்குக் கட்சிக்கு முன்பே, கைக்குழந்தையிலேயே ஆகியிருந்தது; கட்சிக்காரர் பெற்ற பிள்ளைக்கு ஏது ஞானஸ்நானம்? அறுபதை நெருங்கும் வயதில் அவள் தண்ணீருக்குத் தலை குனிய வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். என் அம்மா என்னை ரகசியமாகக் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனவள் என்பதால் எனக்குத் தகுதி இருந்தது. அப்படியாக ஸ்டானாவுக்குப் பெயர் சொல்லும் அதிகாரம் என் கைக்கு வந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வேலி கட்டிக்கொண்டே அந்த மனிதர் எறிந்த பெயரை நான் ஒரே வார்த்தையில் மாற்றிவிடலாம். முத்து என்று அர்த்தம் வரும் பிசெர்கா என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டானாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் வேனுக்கு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. முத்தா, இந்தக் காலுக்கா என்று கேட்டாள். நான் இன்னும் நாலைந்து பெயர் சொன்னேன். அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம்தான் கேட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே உன்னைக் குத்திக்காட்டிய பெயரை இப்போது கழற்றி எறியலாம், அதற்கும் உனக்குச் சோம்பலா என்று கத்தினேன். அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா அந்தப் பேரைச் சொல்லித்தான் ஜனங்க என் வண்டியை நிறுத்துறாங்க. இப்பப் போய் மாத்தினா வண்டி எப்படிடி நிக்கும்? நீ ஸ்டானான்னே சொல்லு. வேற ஏதாவது சொன்னேன்னா கோவில்லயே உன்னை உதைப்பேன்."

விளையாட்டாகப் பேசி மழுப்புகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

இரண்டு ஞானஸ்நானத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வைத்தார் பாதிரியார். முதலில் அவளுக்கு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அந்த உயரத்தில், கையில் மெழுகுவர்த்தியோடு நின்றவளைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. பாதிரியார் நல்ல மனிதர். அவளுக்கு ஒரு வழி காட்டினார். புனிதர்களின் வரிசையில் ஸ்டானா என்று இல்லை, அனஸ்தாசியா என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். ஸ்டானா என்பதே அதன் சுருக்கம் என்று சொல்பவர்களும் உண்டாம். கிரேக்கத்தில் மறுபடி எழுந்து நிற்பவள் என்று பொருளாம்.

"எழுந்து நிக்கறதுன்னா முதல்ல விழுந்திருக்கணுமே ஃபாதர்" என்றாள் ஸ்டானா. "நான் எப்ப விழுந்தேன்?"

பாதிரியார் தாடிக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து என்ன பெயர் என்று கேட்டார். பிசெர்கா தொண்டைவரை வந்தது. விழுங்கிவிட்டு ஸ்டானா என்றேன். என் பின்னால் நின்ற கோஸ்பாவா நிம்மதியாக மூச்சுவிட்டது கேட்டது. தன் பெயரையே விடாதவள் அதைத் தங்கள் பேத்திக்கும் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அடுத்து குழந்தை. ஸ்டானா அதை வாங்கிப் பிடித்த விதத்தைப் பார்த்து, ஸ்டியரிங் என்று கேலி பேசியவர் வாயை மூடிக்கொண்டார். பிரசவமாகி நாற்பது நாள் ஆகாத தாய் உள்ளே வரக் கூடாது என்பதால் சென்கா கோவிலுக்குள் வரவில்லை. வெளியே வேனில் உட்கார்ந்திருந்தாள். பெயர் சொன்னதும் முதலில் ஓடிப்போய்த் தாயிடம் சொல்கிற பிள்ளைக்கு மிட்டாய் உண்டு. வாசலில் பிள்ளைகள் தள்ளுமுள்ளாக நின்றன. பாதிரியார் கேட்டார். ஸ்டானா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஜெல்யானா."

ஜெல்யா என்றால் ஆசை. ஜெல்யானா என்றால் ஆசைப்பட்டுப் பெற்றவள், வேண்டும் என்று கேட்டு வாங்கியவள். பிள்ளைகள் பறந்தன. அவை வேனை எட்டியதும் உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. விதாக்கின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முறை முறைதானே. ஞானத்தாயின் கன்னத்தில் முத்தமிட்டு, நல்லபடி வாழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். விருந்தில் கோஸ்பாவா ஸ்டானாவின் தட்டில் ஆட்டுக்கறியை மலைபோல் அள்ளி வைத்தாள். ஒரு வார்த்தைதான் பேசவில்லை.

ஊர் பேசியது. மூடத் தெரிந்தவள் வேண்டுமென்றே கதவைத் திறந்து போட்டுவிட்டாள் என்றார்கள். மூன்று வருஷம் கழித்து சென்கா மறுபடி கர்ப்பமானபோது பேச்சு இன்னும் சூடானது. இந்தத் தடவையும் பெண்ணாகப் பிறந்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று என் கடையிலேயே, ஸ்டானா இருக்கும்போதே, கேட்டார்கள். அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனாள். கோஸ்பாவா அவள் வேனில் ஏறுவதையே விட்டுவிட்டாள். நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் மகனின் லாரியில் போவாள்.

ஜனவரியில் அந்தப் பெரும்பனி வந்தது. சென்காவுக்கு நாள் இன்னும் இருந்தது. ஆனால் வலி அன்றைக்கு மதியமே வந்துவிட்டது. விதாக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தான். போனில் கூப்பிட்டாலும் மலைக்குள் சிக்னல் கிடைக்காது. ஊரில் அந்தச் சாலையில் அன்று வண்டி எடுக்கத் துணிந்தவள் ஒருத்திதான். கோஸ்பாவா வேறு வழியில்லாமல் வேனில் ஏறினாள். துணைக்கு நானும் ஏறினேன். ஏறும்போதே சென்கா என் கையைப் பிடித்தவள்தான், கடைசிவரை விடவில்லை.

கணவாய்க்குக் கீழே கடைசி வளைவில் வேன் சிக்கிக்கொண்டது. காற்று பக்கவாட்டில் அடித்து, முன்னால் இருந்த சாலையையே பனியால் மூடிவிட்டது. ஸ்டானா மண்வெட்டியோடு இறங்கினாள். அவள் ஒரு பக்கம் அள்ள, காற்று மறு பக்கம் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல்வரை பனி ஏறிவிட்டது. வெள்ளை வேன், வெள்ளைப் பனி, வெள்ளைக் காற்று. அப்போது மேலே எங்கேயோ ஒரு உறுமல் கேட்டது. பனி தள்ளும் லாரி. கடவுளே காப்பாற்றினார் என்று நான் சொன்னேன்.

ஸ்டானா சந்தோஷப்படவில்லை. கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். லாரி இறக்கத்தில் வருகிறது, முன்னால் ஆளுயர இரும்புத் தகடு, வளைவு திரும்பினால்தான் வேன் கண்ணில் படும், பட்டாலும் இது வேனா பனிமேடா என்று அவனுக்குத் தெரியாது என்றாள். அடுத்த நிமிஷம் கோஸ்பாவாவைப் பார்த்தாள்.

"அக்கா, உன் சால்வையைக் குடு."

எதற்கு என்று கோஸ்பாவா கேட்கவில்லை. கணவன் இறந்த நாளிலிருந்து வீட்டுக்கு வெளியே ஒருவர் கண்ணிலும் படாத அவள் நரைமுடி அன்று எங்கள் முன் தெரிந்தது. ஸ்டானா அந்தப் பெரிய கறுப்புச் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். சில அடியிலேயே அவளைக் காணவில்லை. எங்களுக்குக் கேட்டதெல்லாம் உறுமல்தான். நெருங்கி நெருங்கி வந்தது. பிறகு நீளமாக ஹாரன். மறுபடி ஹாரன். சென்கா கண்ணை மூடிக்கொண்டாள். கோஸ்பாவா சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் நின்றது.

வளைவுக்கு மேலே நடந்ததை விதாக்தான் பிறகு சொன்னான். சாலை நடுவில் கறுப்பாக ஒன்று நின்றதாம். ஏதோ கம்பம் காற்றில் சாய்ந்து நிற்கிறது என்று நினைத்தானாம். ஹாரன் அடித்தான். அசையவில்லை. தள்ளிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்தானாம். கடைசியில் என்னவோ மனம் கேட்காமல் பிரேக்கை மிதித்தான். சங்கிலி போட்ட சக்கரமும் கொஞ்சம் வழுக்கிப் போய்த்தான் நின்றது. தகடு தள்ளிவந்த பனி அந்தக் கறுப்பு உருவத்தின் இடுப்புவரை சரிந்தது. அது ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை. எந்தப் பைத்தியம் என்று திட்டிக்கொண்டே இறங்கி ஓடினான். சால்வைக்குள் ஸ்டானாவின் முகம். உதடு விறைத்து வார்த்தை சரியாக வரவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னாளாம்.

"நில்லுன்னு சொன்னாங்களா, தன் பேரைச் சொன்னாங்களான்னு எனக்கு இன்னும் தெரியலை க்ருனா அக்கா" என்றான்.

பிறகு அவள் கையை நீட்டிக் கீழே காட்டியிருக்கிறாள். அவன் வளைவைத் திரும்பி நடந்து வந்தான். பனிமேட்டில் ஒரு ஜன்னல், அதற்குள் தன் மனைவியின் முகம். கையாலேயே ஜன்னல் பனியை வாரத் தொடங்கினான். அவனைத் திரும்ப லாரிக்கு அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லாரி திரும்பி முன்னால் வழி எடுத்துக் கொடுக்க, வேன் பின்னால் வர, நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டானாதான் ஓட்டினாள். விறைத்த விரல் மடங்காது என்று நான் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. சால்வை தகரம் மாதிரி விறைத்துக் கிடந்தது. கோஸ்பாவா அதை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

பிறந்தது பெண்தான். நாலாவது பெண்.

செய்தி கேட்டு என் கடை ஆண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். விதாக் பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் கடைக்கு வந்தான். கையில் காபி, சர்க்கரை, பாட்டில். இதெல்லாம் அவன் அம்மா கொண்டுவர வேண்டியது. நானே வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டானாம். ஸ்டானா அடுப்போரம் உட்கார்ந்து சோளக்களியில் பாலாடையைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டே பேசினான்.

"கூமா, இதைக் கேக்கக் கூடாது, தெரியும். இந்தக் கொழந்தைக்கு உங்க பேரை வைங்க."

ஸ்டானா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். பெண் கேட்டு வந்தவர்கள் எழுந்துபோனபோதுகூட அந்த முகம் அப்படி மாறவில்லை.

"திரும்பவும் நிறுத்தச் சொல்றியா விதாக்?"

"நிறுத்தறதுக்கு இல்ல கூமா" என்றான். "நின்னதுக்கு."

களி ஆறிப்போனது. ஞானத்தாயிடம் பெயர் கேட்டு வாங்க முடியாது, கோவிலில் என்ன வருகிறதோ அதுதான் என்று கடைசியில் சொன்னாள். பாட்டிலைத் திறந்து அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்றச் சொன்னாள். ஏன் முத்து வேண்டாம் என்றாள், ஏன் அனஸ்தாசியா வேண்டாம் என்றாள் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா சொன்ன அர்த்தம் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அவள் அந்தச் சொல்லை எடுத்துத் தன் அர்த்தத்தைப் போட்டு இத்தனை வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறாள். நான் போய் அவளுக்குப் பெயர் மாற்றப் பார்த்தேன்.

ஈஸ்டருக்குப் பிந்திய ஞாயிறன்று ஞானஸ்நானம். சென்கா இந்தத் தடவை நாற்பது நாள் தாண்டியும் வெளியே வேனில்தான் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஓடி வந்து சேரும் சந்தோஷத்தை இழக்க மனமில்லை என்றாள். ஜெல்யானா அவள் மடியில் இருந்தாள். கோஸ்பாவா முன்வரிசையில், அதே சால்வையில். ஒரு ஓரம் நைந்திருந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஸ்டானா குழந்தையை ஏந்தி நின்றாள். ஜெல்யானாவுக்குத் தயங்காமல் சொன்ன வாய் இன்றைக்குத் திறக்கவில்லை. பாதிரியார் சாவோ என்ன பெயர் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். மெழுகுவர்த்தி அவள் கையில் ஆடியது. பனிக்காற்றில் அசையாத ஆள்.

"ஸ்டானா" என்றாள், மெதுவாக.

பாதிரியாருக்கு வயதாகிவிட்டது. முன்னொரு நாள் இதே இடத்தில் அவளுக்கு நடந்ததை மனதில் வைத்துக் குழம்பிவிட்டார் போலிருக்கிறது.

"உன் பேர் எனக்குத் தெரியும்மா" என்றார். "கொழந்தை பேர் என்ன?"

ஸ்டானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணீர் தாடைவரை வந்திருந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையிலும் குழந்தை, குழந்தையோடு சேர்த்து மெழுகுவர்த்தி.

"அதுதான் ஃபாதர்" என்றாள். "கொழந்தை பேரும் அதுதான்."

பிள்ளைகள் வாசலில் இடித்துக்கொண்டு ஓடின. எது முதலில் போய்ச் சேர்ந்தது என்று அவற்றுக்குள் சண்டை. வெளியே வேனின் கதவு திறந்தது. சென்கா ஜெல்யானாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கோவிலுக்குள் நடந்து வந்தாள்.